அந்த 80 ரூபாய் யாருக்குப் போனது?

 

போன வாரம் தரம் 10 வகுப்பில் நெல்லுக்கான உத்தரவாத விலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழும்பி, "சேர், கொழுந்துக்கும் அப்படி விலை குடுத்தாங்களா?" என்று கேட்டாள். "குடுத்தாங்க. 2015ல கிலோவுக்கு 80 ரூபா" என்றேன். "எங்கம்மா இருபது வருஷமா கொழுந்து எடுக்குறாங்க சேர். அவங்களுக்கு ஒன்னும் வரலையே" என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

விவசாயியின் நெல்லை நிர்ணயித்த விலைக்கு அரசு வாங்கும் வழக்கம் 1940களில் தொடங்கியது. 1971இல் அதற்கென்றே நெல் சந்தைப்படுத்தல் சபை அமைந்தது. நம் நுவரெலியாவில் உதவி வேறு விதமாக வந்தது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடை செய்யப்பட்டது. இங்கும் வெலிமடையிலும் கிழங்கு போட்டவர்கள் நல்ல விலை கண்டார்கள். 1996இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அதே விவசாயிகள் தடுமாறினார்கள்.

தேயிலையில் சிறுதோட்டக்காரர்களுக்காக 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி அதிகார சபை உருவானது. மறுநடுகைக்கும் உரத்துக்கும் மானியம் அந்த வழியாகப் போனது. இன்று நாட்டுத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவர்களுடைய கொழுந்துதான். 2015 ஜனவரி இடைக்கால வரவு செலவுத் திட்டம் அவர்களுக்கே 80 ரூபாயை அறிவித்தது. சந்தை விலை குறைந்தால் மிச்சத்தை அரசு போடும் என்பது ஏற்பாடு. அவர்களும் கஷ்டப்படும் குடும்பங்கள்தான்; அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை.

ஆனால் இந்த உதவிகள் எல்லாவற்றையும் பெற நிலம் கையில் இருக்க வேண்டும். நம் தோட்ட மக்களின் பெயர் செக்ரோலில் இருந்தது, காணி உறுதியில் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மற்றவர்களுக்குக் குடியேற்றத் திட்டங்களில் அரச காணி பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, அந்த வரிசையில் நிற்கவே இவர்களுக்கு வழியில்லை. பின்னர் பிரஜாவுரிமை கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. ஒரே கொழுந்து, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. ஒருவருக்கு விலை, மற்றவருக்கு நாட்சம்பளம்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. 1,350 ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 1,550 ஆகும், அதோடு வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாயை அரசே தரும், மொத்தம் 1,750 என்றார்கள். திறைசேரிப் பணம் கொழுந்தெடுக்கும் கைக்கே வருவது நல்ல விஷயம். ஆனால் இதுவும் வரவைப் பார்த்து வருவது. சுகமில்லாமல் லயத்தில் படுத்திருக்கும் நாளுக்கு இது இல்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நிறுத்தினாலும் கேட்பதற்குக் கையில் பத்திரம் இல்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. சம்பளச் சீட்டில் அந்த 200 தனியாக இருக்கிறதா என்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி தருவதாகச் சொல்லும்போது, உறுதி யார் பெயரில், எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். பயிர் செய்யவும் நிலம் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள்.

அந்த மாணவி கடைசியில் கேட்டாள்: "காணி இருந்தா எங்கம்மாவும் சிறுதோட்டக்காரங்கதானே சேர்?"

ஆமாம் மகள், அவங்களும்தான்.