அளவு மாறினால் நிறம் மாறும்

ஒரே பொருள் சேர்த்த கண்ணாடி, உலையில் எத்தனை நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு நிறம் காட்டும். கண்ணாடித் தொழிலில் இது பழைய செய்தி. காரணத்தைத் தேடிப் போனவர் லெனின்கிராடின் வாவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் இருந்த அலெக்சி எகிமோவ். செம்பு குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை, ஒரு மணியிலிருந்து 96 மணி நேரம் வரை சூடாக்கினார். எக்ஸ் கதிரில் பார்த்தபோது உள்ளே நுண்ணிய படிகங்கள்: 2 நானோமீட்டர் முதல் 30 நானோமீட்டர் வரை. படிகம் சிறுக்கச் சிறுக்க, அது உறிஞ்சும் ஒளி நீலத்தின் பக்கம் நகர்ந்தது. 1981இல் இதை வெளியிட்டார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் இதை அறியாமலே, காட்மியம் சல்பைடு துகள்களைக் கரைசலில் கண்டார். மேசையில் விட்டுவைத்த கரைசலில் துகள்கள் வளர்ந்து, ஒளியை உறிஞ்சும் விதமும் மாறியிருந்தது. வீணையில் தந்தியின் நீளம் குறையக் குறைய சுருதி ஏறுவதுபோல, இடம் குறுகக் குறுக எலெக்ட்ரானின் ஆற்றல் ஏறுகிறது. இத்தகைய நுண்துகளான குவாண்டம் புள்ளியின் நிறம் அதனால் அமைவது.

ஆனால் துகள்கள் ஒரே அளவில் இல்லாதவரை நிறம் கலங்கலாகவே இருக்கும். எம்ஐடியில் மௌங்கி பாவெண்டியின் குழு 1993இல் அதற்கு வழி கண்டது. சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றிய கரைப்பானில் காட்மியமும் செலினியமும் தரும் கரைசலை ஒரே வீச்சில் செலுத்தினார்கள். கண நேரத்தில் எண்ணற்ற விதைப் படிகங்கள் பிறந்தன. குளிர்ந்த கரைசல் உள்ளே போனதால் சூடு இறங்கி, புதிய விதைகள் பிறப்பது நின்றது. பிறகு மெல்லச் சூடேற்ற, எல்லாம் சேர்ந்து வளர்ந்தன. வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு தடை மேற்பரப்பு. இவ்வளவு சிறிய துகளில் அணுக்களில் பெரும்பங்கு வெளியே நிற்கிறது. அங்குள்ள குறைகள் ஒளியை விழுங்கிவிடும். 1996இல் சிகாகோவில் மார்கரெட் ஹைன்ஸும் ஃபிலிப் கியோ-சியோனெஸ்டும் துத்தநாக சல்பைடால் ஓடு போர்த்தியதும், உறிஞ்சிய ஒளியில் பாதி திரும்பி வந்தது. 2013இல் சோனி தொலைக்காட்சித் திரைகளில் குவாண்டம் புள்ளிகள் ஏறின. காட்மியம் நச்சு என்பதால் சாம்சங் பின்னர் இண்டியம் பாஸ்பைடைத் தேர்ந்துகொண்டது.

மேற்பரப்பின் அதே பலவீனம் உணரிகளில் பலமாகிறது. தண்ணீரில் உள்ள செம்பு அயனி புள்ளியின் மேல் ஒட்டினால் ஒளி மங்கும். மங்கிய அளவிலிருந்து செம்பின் அளவைக் கணிக்கலாம். எதைத் தொட்டால் ஒளி மாற வேண்டும் என்பதை, மேலே ஒட்டவைக்கும் மூலக்கூறைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள்.

2023இல் பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. புதிய தனிமம் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த பொருளையே அளவு தவறாமல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். திரையும் உணரியும் அந்தக் கட்டுப்பாட்டின் பயன்கள்.