கண்டாலா மலையில் தண்டவாளம் ஏறிய கதை

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நாம் குடியேறிய இடங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். வந்த வழியைப் பற்றி எழுதுவோர் குறைவு. அரக்கோணத்தில் ரயிலேறி ரேணிகுண்டா, குந்தக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், புனே வழியாக வந்த ஒவ்வொருவரும் கண்டாலா மலையிறங்கி, கர்ஜத்தும் அம்பர்நாத்தும் கடந்துதான் கல்யாணை அடைந்தோம். அந்த மலைப்பாதையைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதத் தூண்டியவள் என் பேத்தி. சென்ற கோடை விடுமுறையில் பேரனையும் பேத்தியையும் புனே கோத்ரூட்டிலுள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பாவ்சாகேப் ஜோஷி என்னும் அன்பர் மாதிரி ரயில்கள்மீது கொண்ட ஆர்வத்தால் உருவாக்கிய இக்கூடம் 1998-ல் திறக்கப்பட்டது. ஓர் அறைக்குள் ஒரு நகரமே இருக்கிறது. நீராவி வண்டி, அதிவேக வண்டி, மலையேறும் வண்டி எல்லாம் ஓடுகின்றன. கைகாட்டிகள் தாமே நிறம் மாறுகின்றன. விளக்கை அணைத்தால் வீடுகளில் வெளிச்சம் வருகிறது.

இத்தகைய மாதிரிகளில் உலகெங்கும் பெருவழக்காக உள்ள அளவு 87-ல் ஒரு பங்கு. அதில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். நம் நாட்டு அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். பேரனுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போயிற்று. பேத்தி மட்டும் சுரங்க வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மலையைச் சும்மா செஞ்சு வெச்சிட்டாங்க தாத்தா. காலையில நாம வந்த மலையை யாரு குடைஞ்சாங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. மறு ஆண்டே கல்யாண் வரை பாதை நீண்டது. அதற்குமேல் குறுக்கே நின்றது சகியாத்திரி. பருத்தி விளையும் தக்காணத்தையும் பம்பாய்த் துறைமுகத்தையும் இணைக்க வேண்டுமானால் மலையேறியே தீர வேண்டும். ஜேம்ஸ் பெர்க்லி என்ற தலைமைப் பொறியாளர் வகுத்த திட்டப்படி 1856-ல் போர்காட் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில் 1,831 அடி ஏற வேண்டும். 25 சுரங்கங்கள். செங்குத்தான இடங்களில் 37 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். ஓரிடத்தில் வண்டி நேரே ஏற வழியில்லாமல், நின்று, எஞ்சினை மறுமுனையில் மாட்டித் திசை திரும்பி ஏறியது. 1929-ல் புதிய பாதை வந்தபின்தான் அந்தச் சிரமம் தீர்ந்தது.

இந்த வேலையின் ஒப்பந்தக்காரர் இடையில் விலக, 1859-ல் சாலமன் ட்ரெட்வெல் என்பவர் வந்தார். வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஊர் திரும்பாமல் ஒப்பந்தத்தை ஏற்று, பொறியாளர்களை அமர்த்தி வேலையை முடித்துக் கொடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1863-ல் பாதை திறக்கப்பட்டபோது திட்டம் வகுத்த பெர்க்லியும் உயிரோடில்லை.

இவர்கள் பெயராவது ஏட்டில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். ஆணும் பெண்ணும் கூடையில் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். பாறையில் வெடிமருந்துக் குழி அடிக்கக் கயிற்றில் தொங்கினார்கள். வெடி, சரிவு இவற்றைவிடக் காலராவும் காய்ச்சலும் அதிகம் பேரைக் கொண்டுபோயின. இறந்தவர் தொகை 20,000-க்கும் மேல் என்று வரலாற்றாசிரியர் சிலர் கணிக்கின்றனர். எறும்பைக்கூட விலகி நடக்கச் சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். வியாபாரத்தில் பைசா விடாமல் கணக்கு எழுதுகிறவன். இத்தனை உயிர்க்குப் பேரேடு இல்லையே என்று மனம் கனத்தது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். 1871-ல் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் வேலைக்கும் வியாபாரத்துக்கும் நம்மவர் இந்நகரை நாடி வர வழி பிறந்தது. நமக்கு முன்னால் அந்த மலையில் விழுந்தவர்கள் போட்ட பாதையில்தான் நாம் வந்து பிழைத்தோம். வந்தேறிகள் என்று நம்மை யாரேனும் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கூலிகளிலும் சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் பலர் என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

மாதிரி ரயில், வண்டி எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடும். யாரால் ஓடுகிறது என்பதைப் பெரியவர்கள்தான் சொல்லவேண்டும். ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்கும். மலையேற்றத்துக்காகப் பின்னால் எஞ்சின் சேர்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் போதும். வடாபாவ் வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்தக் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள். அடுத்த சுரங்கத்தின் இருட்டில் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், போடட்டும். வெளிச்சம் வந்ததும் எத்தனையாவது சுரங்கம் என்று எண்ணச் சொல்லுங்கள்.