ஊவா மலையில் குதிரையும் தலைக்கயிறும்

ஊவா, குதிரை தானாகப் பிறந்து வளர்ந்த மண் அன்று. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில், நமுனுகுல மலையின் நிழலில் கிடக்கிறது. அங்கிருந்து பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை என்று ஏறினால் உயரம் 1,400 மீட்டரைத் தாண்டிவிடும். இடையில் உள்ள பத்தனைப் புல்வெளிகளில் மானாப்புல் ஆளுயரம் வளர்கிறது. முற்றிய மானாவை மாடுகூட விரும்பி மேயாது. இந்த மலைகளில் குளம்பு பதித்த குதிரை ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தது, அல்லது கடல் கடந்து வந்ததன் வழியில் பிறந்தது. இலங்கையில் கட்டவிழ்ந்து காடாய்த் திரியும் குதிரைகளைக் காண யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவுக்குத்தான் போகவேண்டும். அதனால் ஊவாவில் குதிரையின் வரலாறு என்பது, மிரண்டு வந்து சேர்ந்த ஒரு விலங்கை மனிதர் எப்படித் தம் கைக்குப் பழக்கினார்கள் என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

ஆயினும் காட்டுக்குதிரையைப் பிடித்துக் கயிறு பூட்டியது பற்றி இத்தீவில் எழுதப்பட்ட மிகப் பழைய கதை, மகியங்கனையில் ஊவாவைத் தொட்டுக்கொண்டு வடக்கே இறங்கும் மகாவலி ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் பண்டுகாபயன் என்ற இளவரசன், வெண்ணிற உடலும் சிவந்த கால்களும் கொண்ட ஒரு பெண்குதிரை குளக்கரையில் திரிவதாகக் கேள்விப்பட்டுக் கயிற்றோடு போகிறான். அது உண்மையில் சேதியா என்னும் யட்சினி. துரத்தப்பட்ட குதிரை குளத்தை ஏழுமுறை சுற்றுகிறது. ஆற்றில் பாய்ந்து கரையேறுகிறது. தூமரக்க மலையை ஏழுமுறை சுற்றுகிறது. மறுபடி குளத்துக்கே வருகிறது. கடைசியில் ஆற்றுத்துறையில் பிடரியைப் பற்றிப் பிடித்து, வாள்முனையால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோக்கிறான். அதன்பின் அவன் போகும் இடமெல்லாம் அது பின்னால் போகிறது.

இந்தக் கதையைக் கட்டியவர் குதிரையைப் பார்த்துப் பழகியவர் என்றே தோன்றுகிறது. விரட்டப்படும் குதிரை நேர்கோட்டில் நெடுந்தூரம் ஓடி மறைவதில்லை. தனக்குத் தெரிந்த தண்ணீரையும் மேட்டையும் வளைந்து வளைந்து சுற்றிவரும். ஆனால் மூக்கைத் துளைத்த பகுதி குதிரைக்கு உரியது அன்று. அது மாட்டுக்குச் செய்வது. மாடு வாயாலும் மூச்சு வாங்கும். குதிரைக்கு மூக்கு ஒன்றே மூச்சுவழி. மூக்கணாங்கயிறு எருதை அடக்கிய நாட்டில், குதிரையையும் அதே கயிற்றால் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இலங்கைக்குக் குதிரை கொண்டுவந்ததில் தமிழர் பங்கு பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் இருவரையும் மகாவம்சம் கப்பலில் குதிரை கொண்டுவரும் வணிகனின் மக்கள் என்கிறது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பாடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். வாங்குவதில் இருந்த ஆர்வம் வளர்ப்பதில் இருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்றும் எழுதினார். இறைச்சி கலந்த சோற்றை அவற்றுக்கு ஊட்டினார்களாம். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். சொல்லப்பட்ட காரணம் நம்பத்தக்கது.

கண்டி அரசின் காலத்தில் ஊவாவின் பாரத்தைச் சுமந்தவை எருதுகள். தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கின. இந்தத் தொழிலில் சோனகர் முன்னின்றனர். போக்குவரத்தைக் கவனித்த மடிகே என்ற பிரிவின் தலைமை வெல்லசவில் ஆஜி மரிக்காருக்கு வழங்கப்பட்டது, 1817–18 ஊவாக் கிளர்ச்சியைத் தூண்டிய காரணங்களில் ஒன்று. கிளர்ச்சி அடக்கப்பட்ட விதத்தில் வயல்களும் கால்நடைகளும் ஊர்களும் அழிந்தன. அந்தப் பாழின்மேல்தான் பிரித்தானியர் பாதை வெட்டினார்கள். அந்தப் பாதைகளை வெட்டுவித்தவர்களில் ஒருவரான மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறக்கும் முன் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. இப்படி வெட்டப்பட்ட பாதைகள் வழியே கோப்பித் தோட்டத் துரைமாரும், அவர்களைச் சுமந்த குதிரைகளும் ஊவாவுக்கு ஏறின.

குதிரைகள் பல கரைகளிலிருந்து வந்தன. நெடுந்தீவில் போர்த்துக்கேயர் காலத்தில் விடப்பட்டு, ஒல்லாந்தர் பெருக்கிய மந்தையைப் பிரித்தானியரும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்பவர் பொறுப்பில் நடத்தினார்கள். அந்தப் பண்ணை நிலைக்கவில்லை. பிற்காலத்தில் அரபுக் குதிரைகளும், பர்மாவின் பெகு மட்டக்குதிரைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகளும் கொழும்பில் இறங்கின. வேலர்களில் பல பரந்த மேய்ச்சல் நிலத்தில் மனிதக் கை அதிகம் படாமல் வளர்ந்தவை. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் நின்று, வீங்கிய கால்களோடு இறங்கி, மழையும் அட்டையும் உள்ள மலைக்கு அவை நடத்தப்பட்டன. அட்டைக் கடி பொறுக்காமல் குதிரைகள் வெறிபிடித்தாற்போல் நிலத்தை உதைப்பதை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தாம் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்த குதிரைக்காரர் மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் கவிழ்த்ததைப் பதிவுசெய்கிறார். ஐரோப்பியச் சாலையில் கற்ற கைத்திறன் இங்கே உதவவில்லை.

உதவிய கை தமிழருடையது. சென்னை மாகாணத்து வழக்கப்படி ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர்; புல் அறுத்துக் கொடுப்பவர் தனி, பலவேளை அவர் மனைவியே. இந்த ஏற்பாடு தோட்டத் தொழிலாளரோடு இலங்கைக்கும் வந்தது. துரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கோ அயல் தோட்டத்துக்கோ சவாரி போனால் குதிரைக்காரர் பின்னால் ஓடினார். போன இடத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபின் வியர்வை ஆறும்வரை நடத்தி, தேய்த்து, ஊறவைத்த கொள்ளு வைத்தார். கங்காணி, கணக்கப்பிள்ளை என்ற ஏணியில் அவருக்கு இடம் இல்லை. தொழிலாளரின் வரிசை வீடு தோட்டத் தமிழில் லயம். குதிரை நின்ற இடம் லாயம். ஒரே நெடிலின் தூரத்தில் இருந்த இந்த இரண்டுக்கும் நடுவே அவர் வாழ்ந்தார். துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் குதிரைக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு. குதிரைக்காரர் தொழிலின் பெயராலேயே வருகிறார். ஏ.எம். ஃபெர்குசனின் ‘இங்கே வா’ போன்ற கையேடுகளைப் படித்துச் சின்னத்துரைமார் தமிழ் கற்ற காலத்தில், லாயத்துக் குதிரை அதைக் கையேடு இல்லாமலே கற்றுக்கொண்டது.

மிரண்ட குதிரையைத் தலைக்கயிற்றுக்குப் பழக்கும் வேலை, அதன் உடலமைப்பை அறிவதில் தொடங்குகிறது. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் குதிரை காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் குருட்டிடம். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்குபவர் அதற்குத் திடீரென்று முளைத்தவராகிறார். ஆகவே தோளை நோக்கிச் சாய்வாக, கையைத் தாழ்த்தி, கண்ணை முறைக்காமல் நடக்கவேண்டும். முதல் சில நாள்கள் தொடாமலே கழியும். ஒரே நேரத்தில் தண்ணீர், ஒரே கையால் புல், ஒரே தாழ்ந்த குரல். கயிற்றைக் காட்டுவதற்கு முன் ஆளைப் பழக்கவேண்டும்.

ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் எல்லைத் தூரம் உண்டு. அதைத் தாண்டி யாரேனும் வந்தால் ஓடும். தேர்ந்தவர் அந்த எல்லைக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறார். காது அவர் பக்கம் திரும்பும்; தலை மெல்லத் தாழும்; வெறும் வாயை மெல்லும். அந்தக் கணத்தில் அவர் முன்னேறக்கூடாது, பின்வாங்கவேண்டும். அமைதியாக நின்றால் அச்சம் தானே விலகும் என்பதைக் குதிரை அப்போது கற்கிறது. இந்தப் பின்வாங்கல்தான் முழுப் பயிற்சியின் உயிர்நிலை. பொறுமையில்லாதவர் தவறுவதும் இங்கேதான்: குதிரை அசையாமல் நின்றதும் கயிற்றோடு பாய்வார், பத்து நாள் உழைப்பு ஒரு நொடியில் போகும்.

தொடும் இடத்திலும் நுட்பம் உண்டு. முகத்தைத் தொடக்கூடாது. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டைச் சொறியலாம். மந்தைக் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் அதன் நாடித்துடிப்பு இறங்குவதை இக்கால ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. அடுத்து, சுருட்டிய கயிற்றால் அதே இடத்தைத் தேய்த்து, கழுத்தின்மேல் போட்டு, வழுக்கி விழவிடுவார்கள். விழும் கயிறு கடிக்காது என்று தெரிந்தபின்பே மூக்குப்பட்டை ஏறும். அது எலும்பின்மேல் படியவேண்டும். கீழே மென்மையான பகுதியில் இறங்கினால் மூச்சு அடைக்கும்.

பூட்டியவுடன் இழுத்துச் செல்ல முயல்வதும் கம்பத்தில் இறுகக் கட்டுவதும் தவறு. குதிரை தன்னை அழுத்துவதை எதிர்த்து அழுத்தும் இயல்புடையது. கட்டுண்டு பின்னால் எகிறும் குதிரை கழுத்தை முறித்துக்கொள்ளலாம். உயிர் தப்பினாலும் அந்தப் பயம் எளிதில் போகாது. சற்றுப் பக்கவாட்டில் நின்று, கயிறு நிமிரும் அளவுக்கு மட்டும் பிடித்துக் காத்திருக்கவேண்டும். குதிரை தன் எடையை ஒரு விரற்கடை முன்னே சாய்த்ததும் கயிற்றைத் தளர்த்திவிடவேண்டும். அடுத்தமுறை ஒரு காலடி வைக்கும், அதற்கடுத்து இரண்டு. தளர்த்தும் நேரம் தப்பினால் பாடமும் தப்பிவிடும். இவ்வளவும் படிந்தபின், தோட்டத்துக் குதிரைக்கு மேலும் சில பழக்கங்கள் வேண்டியிருந்தன: விடிகாலைப் பிரட்டுக்கு அடிக்கும் தப்பு, தகரக் கூரையில் இறங்கும் மழை, வளைவில் எதிர்ப்படும் மாட்டுவண்டி.

இந்த அறிவு ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமானது அன்று. குதிரையிடம் கோபத்தோடு நெருங்கக்கூடாது என்று கிரேக்கரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1858இல் அமெரிக்கரான ஜோன் சொலமன் ரேரி, விக்டோரியா அரசி முன்னிலையில் முரட்டுக் குதிரைகளைப் பணியவைத்து இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றார். முன்னங்காலை வாரால் மடித்துக் கட்டி, பின் தடவிக்கொடுப்பது அவர் முறை. மேடையில் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு அந்த வார் தேவைப்பட்டது; லாயத்தில் நாள் முழுதும் குதிரையோடு இருந்தவருக்கு அந்த அவசரம் இருந்திருக்காது.

1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்தபின்னும் குதிரை தொடர்ந்தது. 1892இல் அமைந்த இலங்கைக் குதிரையேற்றக் காலாட்படையில் தோட்டத் துரைமார் குதிரையோடு சேர்ந்தனர். அதன் ஒரு பிரிவு 1900இல் போயர் போருக்குச் சென்றது. ஆனால் ரயில் மலையேறிக்கொண்டிருந்தது: நானுஓயாவுக்கு 1885இல், அப்புத்தளைக்கு 1893இல், பண்டாரவளைக்கு 1894இல் வந்தது. அங்கிருந்து பதுளைவரை மிஞ்சிய சுமார் 30 கிலோமீட்டருக்கு இன்னொரு 30 ஆண்டுகள் பிடித்தன. 1924இல் ரயில் பதுளையை அடைந்தபோது துரைமார் பங்களாக்களில் மோட்டார் வண்டி இடம்பிடிக்கத் தொடங்கியிருந்தது. லாயங்கள் வண்டிக் கொட்டகைகளாகின. கொள்ளு ஊறவைத்த கைகள் வேறு வேலைக்குப் போயின. தோட்டங்களில் குதிரை நிலையாக நின்றது காவல்தெய்வக் கோயில்களில்தான். தொழிலாளர் தம் ஊர்களிலிருந்து கூடவே கொண்டுவந்த மதுரை வீரன் குதிரைமேல்தான் இருக்கிறார்.

நெடுந்தீவிலோ, பண்ணை கைவிடப்பட்டபின் குதிரைகள் தாமே பெருகின. பவளக்கல்லால் கட்டிய பழைய லாயத்தின் தூண்கள் வெயிலில் நிற்கின்றன. மட்டக்குதிரைகள் நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்குத் தவிக்கின்றன. சில கிணற்றிலும் குழியிலும் விழுந்து சாகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு குதிரையை நோக்கி நடந்தால், முப்பது நாற்பது அடியில் அது தலையை உயர்த்திக் காதைத் திருப்புகிறது. இன்னும் ஓர் அடி வைத்தால் மந்தை முழுவதும் வளைந்து ஓடி, சற்றுத் தள்ளி நின்று மறுபடி பார்க்கிறது.