மண்ணெண்ணெய்க் காலத்து ஹொண்டா

2022 ஆடி மாதம் பெற்றோல் வரிசையில நிண்ட ஆக்களுக்கு அந்தக் கியூ.ஆர். கோட் நல்லா ஞாபகமிருக்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். பாதி நாள் வெயிலில நிண்டு அந்த நாலு லீற்றரையும் அடிச்சுக்கொண்டு வந்து வீட்டில புலம்பினபோது பெரியப்பா சிரித்தார்.

"நாலு லீற்றரோ? தொண்ணூற்றி மூண்டில எனக்கு நாலு லீற்றர் கிடைச்சிருந்தால் ஒரு வருசம் ஓடியிருப்பன் பிள்ளை."

எதில ஓடியிருப்பார் என்று கேட்டேன். கோடிக் கொட்டிலைக் காட்டினார். விறகுக்கும் பழைய ஓட்டுக்கும் பின்னால, சாக்குப் போர்த்து, ஒரு ஹொண்டா சி 90 நிண்டது. அதை நான் பிறந்த நாளிலயிருந்து பார்த்திருக்கிறேன். கோழி ஏறி முட்டையிடுகிற ஒரு சாமானாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஒன்றரை வருசம் அந்தச் சைக்கிளைத் திருத்துவதில் போனது. (எங்கட வீட்டில மோட்டார் சைக்கிளும் 'சைக்கிள்'தான்.) இது அதைப் பற்றின கட்டுரை. ஆனால் அதைவிடக் கூடுதலாக, அதைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்து வந்த யாழ்ப்பாணத்தைப் பற்றினது.

முதலில் அந்த வண்டியின் பூர்வீகம். ஹொண்டா கம்பனி 'சூப்பர் கப்' என்ற வகையை 1958 இல் வெளியிட்டது. கம்பனியின் வியாபாரப் பக்கத்தைப் பார்த்த தக்கியோ புஜிசாவா, நூடில்ஸ் கடைப் பெடியன் ஒரு கையில சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓடக்கூடிய வண்டி வேணும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் அதில் கிளச் பிடி இல்லை. காலால் கியரை மிதித்தால் போதும். 2017 இல் இந்த வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகத்தில வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் வரவில்லை. சி 90 அந்தக் குடும்பத்தின் மூத்த அண்ணன்: 89.5 சி.சி., மூன்று கியர், நாலு அடி எஞ்சின். பாரம் ஏற்றலாம், சேறு உழக்கலாம், அடி வாங்கலாம்.

அப்பப்பா இதை எழுபதுகளின் தொடக்கத்தில வாங்கினார். பிறகு 1977 வரைக்கும் இறக்குமதிக்குப் பெரிய கட்டுப்பாடு. ஆக, வாங்கின புதிதிலேயே உதிரிப்பாகத்துக்குத் தட்டுப்பாடு. இந்த வண்டி தன் வாழ்நாளில் ஒருபோதும் 'ஒரிஜினலாக' ஓடவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

இலக்கத் தகட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. எங்கட தகட்டில நடுவில சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. இப்ப உள்ள பெடியளுக்கு அது ஒரு பழைய கால அலங்காரம். 'வின்ரேஜ் லுக்' என்று பழைய ஸ்ரீ தகட்டைத் தேடித்திரிகிற ஆக்களும் இருக்கினம். முந்தி வாகனங்களில் 'சிலோன்' என்ற சொல்லிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957 இல் அவற்றின் இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதி ஓடினார்கள். 1958 இல் புதிதாக அரசுடைமையான பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது தார் பூசினார்கள். தெற்கில தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் விழுந்தது. சித்திரை 9 ஆம் திகதி பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதம் கலவரம். ஒரு எழுத்துக்காகத் தார் வாளியோட திரிந்த அதே தலைமுறை ஆள்தான் அப்பப்பா. பதினைந்து வருசம் கழிச்சு அந்த எழுத்தோடயே ஒரு ஹொண்டாவை வாங்கி ஓடியிருக்கிறார். வேற வழியில்லை, தகடில்லாமல் றோட்டில போகேலாது. தகட்டை நான் புதிதாக்கவில்லை. கழுவி மட்டும் வைத்திருக்கிறேன்.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

யூரியூப்பில பழைய வண்டி திருத்துகிற காணொளிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். துருப்பிடித்த கும்பம் ஒன்று, பதினைந்து நிமிசத்தில பளபளவென்று கடையில நிக்கிற மாதிரி வந்து நிக்கும். நானும் அந்த ஆசையோடதான் தொடங்கினேன். பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக் ஓட்டைக்குள்ள டீசல் விட்டு ஒரு கிழமை ஊற வைத்தேன். ஜப்பான் ஆணிகளின் தலை நட்சத்திரம் எங்கட சாதாரண ஸ்குறூ டிறைவருக்குச் சரியாகப் பொருந்தாது என்பது மூன்று ஆணியின் தலையை வழுக்கின பிறகுதான் தெரியும். பழைய ஜப்பான் வண்டி பிரிக்கிற எண்ணமிருந்தால் முதலில் அந்த அளவு டிறைவரை வாங்குங்கோ, மற்றதெல்லாம் பிறகு. கழற்றுகிற ஒவ்வொன்றையும் மைலோ ரின்களில போட்டுப் பெயர் ஒட்டினேன். தாங்கியின் உள்துருவுக்கு வினாகிரி விட்டு மூன்று நாள் வைத்தேன்.

காபரேற்றரைக் கழற்றினபோதுதான் யோசனை வந்தது. பெற்றோல் வருகிற குழாயில், பித்தளைத் துண்டு ஒன்றை ஈயத்தால் ஒட்டி, இரண்டாவது குழாய்க்கு ஒரு வாய் வைத்திருந்தது. ஹான்டிலுக்குக் கீழே, முன்மறைப்பின் உள்பக்கம், தகரத்தில் வளைத்த ஒரு தாங்கி. அதற்குள்ள ஒரு சின்ன மருந்துப் போத்தல். மூடியைச் சுற்றி மெழுகு.

கராஜ்காரர் ஒருவரிடம் படம் அனுப்பினேன். "அது குப்பை, கழற்றி எறியும். பஞ்சிகாவத்தையில புதுக் காபரேற்றர் எடுக்கலாம்" என்றார். பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் போத்தலை வாங்கி மூடியை ஒருக்கால் தடவிப்போட்டு, "இது இன்னும் கிடக்கோ" என்றார்.

1990 ஆனியில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எண்டு பட்டியல் நீளம். மின்சாரமும் நின்றது. ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்ட பிறகு கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில இரவில போய்வந்தார்கள். தெற்கிலிருந்து பெற்றோல் அந்த மாதிரி வழிகளால், உயிரைப் பணயம் வைத்து, சின்னச் சின்ன அளவில வந்தது. யாழ்ப்பாணத்தில அது லீற்றரில இல்லை, போத்தலில விற்றது. மண்ணெண்ணெயும் மட்டாகத்தான், ஆனால் கிடைத்தது. ஆகவே குடாநாட்டின் வாகனங்கள் மண்ணெண்ணெயில ஓடத் தொடங்கின.

இதைச் சொல்லும்போது பொதுவாக ஒரு பெருமிதத் தொனி வரும். "எங்கட ஆக்களின்ர மூளையைப் பார்த்தியளோ" என்ற மாதிரி. எனக்கு அந்தத் தொனியில் இரண்டு முறைப்பாடு உண்டு.

முதலாவது, அது போர் வந்து திடீரெண்டு பிறந்த மூளை இல்லை. பெற்றோலில் தொடங்கிச் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தோட்டக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைத்த மண்ணெண்ணெய் மிசின்கள் அப்படித்தான் வேலை செய்தன. உலகத்திலும் இது பழைய சங்கதி. 1949 இல் வந்த பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இதே முறையில், மண்ணெண்ணெய் போன்ற ஒரு எரிபொருளில் ஓடியது. தோட்டத்தில இருந்த அறிவு றோட்டுக்கு வந்தது. அவ்வளவுதான், ஆனால் அந்த அறிவுக்குச் சொந்தக்காரர் தோட்டக்காரர் என்பதை நாங்கள் சொல்ல மறக்கிறோம்.

விசயம் சிம்பிள். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட 38 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே உள்ளே போய்ப் பிளக்கை நனைத்துப்போட்டுக் கிடக்கும். ஆகவே சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலைக் கொஞ்சம் விட்டு உதைக்க வேணும். எஞ்சின் சூடாகி, கையை வைக்கேலாத பதம் வந்ததும் பெற்றோல் குழாயை மடித்துக் கட்டி, மண்ணெண்ணெயைத் திறக்க வேணும். பெரிய தாங்கியில மண்ணெண்ணெய், மருந்துப் போத்தலில பெற்றோல். நிறுத்துவதற்கு முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றினால் காபரேற்றருக்குள்ள அடுத்த உதைக்குக் கொஞ்சம் மிஞ்சும். பெரியப்பா சந்தியில ஆரையும் கண்டால் எஞ்சினை நிற்பாட்டாமலே கதைப்பாராம். நிற்பாட்டினால் செலவு.

இரண்டாவது முறைப்பாடு, அந்த மூளைக்கு எஞ்சினும் மனிசரும் குடுத்த விலை. சி 90 இன் அமுக்க விகிதம் எட்டுக்கு மேல். மண்ணெண்ணெய்க்கென்று செய்த உழவு இயந்திரத்தில் அது ஐந்துக்குக் கிட்ட. மண்ணெண்ணெய் அவ்வளவு அமுக்கத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். ஏற்றத்தில ஆணி தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஓட ஓட ஒயில் குறையாமல் கூடும்! கூடுகிறது ஒயில் இல்லை, தண்ணியான கலவை. இந்த எஞ்சினில் ஒயில் ஒரு லீற்றரும் இல்லை. அது நீர்த்தால் உள்ளே எல்லாம் தேயும்.

இதையெல்லாம் நான் படித்து அறியவில்லை, எங்கட எஞ்சினுக்குள்ள பார்த்தேன். பிஸ்டன் தலையில கரி தார் மாதிரி ஒட்டியிருந்தது. சிலிண்டர் சுவர் நகத்துக்குத் தட்டுப்படுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஐந்து வருச மண்ணெண்ணெயை அந்த உலோகம் எழுதி வைத்திருந்தது.

மூடியிலிருந்த மெழுகுக்கும் காரணம் இருக்கிறது. அந்தப் போத்தல் பெற்றோலில ஒரு பங்கு எப்பவும் தொடாமல் வைப்பது வீட்டு விதி. அது ஆஸ்பத்திரிக்கு. ஒருநாள் இரவு அப்பம்மாவுக்குத் தொய்வு கடுமையாகி மூச்சு எடுக்க முடியாமல் போனது. பெரியப்பா ஓடிப்போய்ப் பார்த்தால் போத்தல் காய்ந்து கிடந்தது. மூடி இறுக்கமில்லை, பகல் வெக்கையில எல்லாம் ஆவியாய்ப் போயிருக்கிறது. தாங்கி நிறைய மண்ணெண்ணெய். பிளக்கைக் கழற்றி அடுப்பில சுட்டுப் பூட்டினாராம். விளக்குத் திரியால எஞ்சினைச் சூடாக்கப் பார்த்தாராம். உதைச்சு உதைச்சுக் கால் வீங்கினதுதான் மிச்சம். கடைசியில மிதிசைக்கிள் கரியரில அப்பம்மாவை இருத்தி, பின்னால பெரியம்மா பிடித்துக்கொண்டு நடக்க, விடியத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அப்பம்மா பிழைத்து, அதற்குப் பிறகும் சில வருசம் இருந்தா. அடுத்த நாளிலிருந்து மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றுவது பெரியப்பாவின் வழக்கம்.

1995 ஐப்பசி 30 இடம்பெயர்வில இந்த ஹொண்டா ஓடவில்லை. அரிசி மூட்டையும் பாத்திரமும் கட்டி, தென்மராட்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருசம் அப்படியே தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். 2002 இல் ஏ9 பாதை திறந்தது. பழைய கார்களையும் சைக்கிள்களையும் தேடித் தெற்கிலிருந்து ஆக்கள் வந்து நல்ல விலை கேட்டார்களாம். பெரியப்பா குடுக்கவில்லை. இந்தியன் சைக்கிள் ஒன்று எடுத்தபிறகு ஹொண்டா கொட்டிலுக்குப் போனது.

ஆகவே என்னுடைய கேள்வி இதுதான்: இதை எந்த வருசத்துக்குத் திருத்துவது? ஜப்பானில பெட்டியைவிட்டு இறங்கின நாளுக்கா? அப்படிச் செய்தால் பளபளப்பான ஒரு ஹொண்டா கிடைக்கும். அந்த மாதிரி ஹொண்டா தாய்லாந்திலும் இருக்கிறது, லண்டனிலும் இருக்கிறது. ஈயம் ஒட்டின பித்தளை வாய் எங்கட கொட்டிலில மட்டும்தான் இருக்கிறது. தடைக் காலத்தில் பிலிமும் தட்டுப்பாடு, அந்தக் காலத்துப் படங்கள் எங்கட வீட்டில மூன்றோ நாலோதான். அந்த மோட்டார் சைக்கிள்கள் எப்படி ஓடின என்பதற்கு மிச்சமிருக்கிற சாட்சி இந்தமாதிரித் துண்டுகள். வண்டி திருத்துகிற பெடியள் 'குப்பை' என்று முதலில கழற்றி எறிவதும் இதைத்தான். இதைப் படிக்கிற ஆரும் பழைய சி 90, சி.டி. 200 திருத்தினால், எறிய முதல் ஒரு படமாவது எடுங்கோ. ஆர் ஒட்டினது, எந்த வருசம் எண்டு வீட்டில கேட்டு எழுதி வையுங்கோ.

நான் செய்தது ஒரு சமரசம். ஓடுவதற்குத் தேவையானதை மாற்றினேன். சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடின பிஸ்டன் போட்டேன். 17 அங்குலத்துக்குப் புது ரயர், ரியூப். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். சூட்டில வைக்கக்கூடாது, காலமை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேணும். பொயின்றைத் தாளால் தேய்த்துத் துடைத்தேன், இடைவெளி பார்ப்பதற்கு முந்தி சிகரெட் பெட்டி மட்டையை வைப்பாராம் பெரியப்பா, நான் கேஜ் வைத்தேன், வித்தியாசம் பெரிதாக இல்லை. ஒயிலை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுகிறேன். இந்த எஞ்சினில் ஒயில் வடிகட்டி என்று சொல்லத்தக்க பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் கஞ்சத்தனம் கூடாது. பெயின்ற் அடிக்கவில்லை. பித்தளை வாயை மூடி அப்படியே விட்டேன். தாங்கியும் போத்தலும் மெழுகும் இருந்த இடத்தில இருக்கிறது. பழைய பிஸ்டன் கரியோடு மைலோ ரின்னுக்குள்ள. அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு காசு செலவழிச்சும் பழசாத்தானே கிடக்கு" என்கிறார்.

நான் வேலை தொடங்கின அடுத்த மாதம், 2022 ஆவணியில், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில 340 ரூபாவானது. கடற்கரைப் பக்கம் வள்ளங்கள் கரையில ஏறின. வண்டி ஓடத் தொடங்கினபோதும் கொட்டில் மூலையில பழைய கலன் ஒன்றில கொஞ்சம் மண்ணெண்ணெய் மிஞ்சி இருந்தது. "பெரியப்பா, ஒருக்கால் அதில ஓடிப் பார்ப்பமோ?" என்று கேட்டேன்.

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. பெரியம்மாவுக்கு அந்த மணம் இப்பவும் சரிவராது."