மூணு மணி நேரத்துல நெல்லை... அப்புறம் ஏரலுக்கு?

மக்களே, இந்தப் பக்கம் தலை காட்டி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அதை இறக்கி வெச்சாத்தான் அடுத்த வேலை ஓடும். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

நமக்கு ஊர் ஏரல். தாமிரபரணி கடல்ல சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஆத்தங்கரையில இருக்குற ஊர். ஆடி அமாவாசைக்கு அருணாசல சுவாமி கோயிலுக்கு வர்ற கூட்டத்தை வெச்சு நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க ஊருக்கு ரயில் கிடையாது. பாதை ஆத்துக்குத் தெக்க போகுது. பாலம் தாண்டி குரும்பூர் போனாத்தான் ஸ்டேஷன்.

டீக்கடையில பேச்சு எப்படியோ புல்லட் ரயிலுக்கு வந்துச்சு. எல்லாம் தெரிஞ்ச பொட்டி தட்டுறவன் பக்கத்துல இருக்கும்போது சும்மா விடுவாங்களா? நானும் ஜம்பமா, "முன்னூறு கிலோமீட்டர் வேகம்னா சென்னையில இருந்து நெல்லைக்கு மூணு மணி நேரம்தான்"னு அடிச்சு விட்டேன். அப்பா கிளாஸைக் கீழ வெச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"சரிலே, நெல்லையில எறங்கி ஏரலுக்கு எதுல வருவ?"

பதில் இருந்துச்சு. பஸ்ஸுதான். காத்துக்கிடக்குறதையும் சேர்த்தா ரெண்டு மணி நேரம். மூணுல பாதிக்கு மேல! கடையில எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா அந்தக் கேள்வி சிரிப்போட போகல.

மொதல்ல, வேகம்னா என்னன்னு பாத்துடுவோம். காலேஜ்ல படிச்சது இதுக்காவது உதவட்டும் :-)

வளைவு. பைக்கை வேகமா திருப்பும்போது வெளிய தள்ளுமே, அதே கதைதான். அந்தத் தள்ளல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100-ல போற வண்டி 300-ல போகணும்னா, அதே சௌகரியத்துக்கு வளைவோட ஆரம் ஒன்பது மடங்கு வேணும். ஜப்பான் தன்னோட முதல் ஷின்கான்சென் பாதையில 2,500 மீட்டருக்குக் குறைஞ்ச வளைவைப் பொதுவா வெக்கல. அடுத்த பாதையில அதையே 4,000 ஆக்கிட்டாங்க. அதாவது வயலு, குளம், ஊருன்னு பாக்காம நேராப் போகணும்.

காத்து. அதோட எதிர்ப்பும் வேகத்தோட வர்க்கம். மூணு மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு எதிர்ப்பு, காத்தைத் தள்ள மட்டும் இருபத்தேழு மடங்கு சக்தி. வண்டிக்கு மூக்கு நீளமா இருக்குறது அழகுக்கு இல்ல.

பிரேக். 300-ல போற வண்டி ஒரு செகண்டுல 83 மீட்டர் ஓடும். நிக்கிறதுக்கு மூணு கிலோமீட்டருக்கு மேல வேணும். ஓரத்துல இருக்குற சிக்னலைக் கண்ணால பாத்து ஓட்ட முடியாது. சிக்னல் டிரைவர் முன்னாடி இருக்குற பலகையிலயே வரணும், மீறினா வண்டி தானா வேகத்தைக் குறைக்கணும். லெவல் கிராசிங் கூடவே கூடாது. கூட்ஸ் வண்டியும் அதே பாதையில ஊரக்கூடாது.

ஆகமொத்தம் அதிவேக ரயில்னா வேகமான வண்டி மட்டும் இல்ல. அதுக்குன்னு தனியாப் போட்ட ஒரு பாதை. செலவெல்லாம் அங்கதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். 1860-களின் தொடக்கத்துல நாகப்பட்டினம் – திருச்சி பாதையை அகலப்பாதையாத்தான் போட்டாங்க. 1870-ல மேயோ பிரபு காலத்துல, செலவைக் குறைக்க மீட்டர் கேஜ்னு முடிவாச்சு. போட்ட அகலப்பாதையையே 1875-ல பிச்செடுத்து மீட்டர் கேஜா மாத்துனாங்க. அடுத்த வருஷம், 1876-ல, தூத்துக்குடிக்கும் மணியாச்சி வழியா நெல்லைக்கும் ரயில் வந்துச்சு, மீட்டர் கேஜ்ல. 1911-ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட அதே மணியாச்சி. நூறு வருஷம் கழிச்சு, 1992-ல ஆரம்பிச்ச ஒரே அகலத் திட்டத்துல எல்லாத்தையும் மறுபடி அகலமாக்க ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு மிச்சம் பிடிச்ச காசைத் தாத்தா சேமிச்சாரு, பேரன் வட்டியோட கட்டினான்!

கொழும்பு போறவங்களுக்காக சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு ஓடின போட் மெயில் அந்தக் காலத்துல கிட்டத்தட்ட 22 மணி நேரம் எடுத்துச்சு. தூத்துக்குடியில எறங்கிக் கப்பல் ஏறணும். 1914-ல தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வந்ததும் கடல் பயணம் சின்னதாச்சு. கொழும்புக்காரங்களுக்கு லாபம். ஆனா போட் மெயில் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, தூத்துக்குடி அந்தப் பெருமையை இழந்துச்சு. எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்குற கொற்கைக்கும் இதே கதைதான். பாண்டியரோட முத்துத் துறைமுகம், ஆத்து மண்ணு சேர்ந்து சேர்ந்து கடல் கிலோமீட்டர் கணக்குல தள்ளிப் போயிடுச்சு. இப்ப அங்க வயலும் வாழையும்தான். வழி மாறினா ஊரு மாறும். இதை எங்க பக்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

1923-ல திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதை வந்துச்சு. சுமார் 61 கிலோமீட்டர். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரின்னு நின்னு நின்னு போற பாதை. சின்ன வயசுல அந்த மீட்டர் கேஜ் வண்டியில அப்பா கூட திருச்செந்தூர் போன ஞாபகம் மங்கலா இருக்கு. 2008-ல அகலப்பாதை ஆச்சு, அப்புறம் மின்சாரமும் வந்துச்சு.

இப்ப ஒரு கணக்கு. 1977 ஆகஸ்ட் 15 அன்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பிச்சுச்சு. மதுரை – சென்னை, கிட்டத்தட்ட 495 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துச் சொச்சத்துல. அதுவும் மீட்டர் கேஜ்ல! சராசரி வேகம் சுமார் 70. 2023 செப்டம்பர் 24-ல நெல்லை – சென்னை வந்தே பாரத் வந்துச்சு. சுமார் 650 கிலோமீட்டர், 7 மணி 50 நிமிஷம். சராசரி 83. நாப்பத்தாறு வருஷத்துல நாம ஏறினது மணிக்கு 13 கிலோமீட்டர். அந்த வண்டி 160-க்கு மேல போறதுக்கே செஞ்சது. ஷின்கான்சென் மாதிரியே தனி எஞ்சின் இல்லாம, பெட்டிகளுக்கு அடியிலயே மோட்டார். சட்டுனு வேகம் எடுக்கும். ஆனா வண்டி புதுசு, வளைவு பழசு, கூட்ஸ் வண்டி முன்னாடி போயிட்டு இருக்கு. என்ன பண்ணும் பாவம்?

ஜப்பான்காரன் கதையும் நம்ம கதை மாதிரிதான் ஆரம்பிக்குது. அங்கயும் குறுகின பாதை, 1,067 மில்லிமீட்டர். ஆனா அவங்க பழசை அகலமாக்கல. டோக்கியோ – ஒசாகாவுக்கு 515 கிலோமீட்டர் புதுப் பாதை போட்டாங்க. உலக வங்கி 80 மில்லியன் டாலர் கடன் குடுத்துச்சு. செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிடியோவும் 1963-ல வெளிய போனாங்க. 1964 அக்டோபர் 1-ல ரிப்பன் வெட்டும்போது ரெண்டு பேரும் பதவியில இல்ல. ஆனா அந்தப் பாதை வெற்றின்னு இன்னைக்கு உலகமே சொல்லுது. வண்டி மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணி கூட ஷின்கான்சென்ல சாகல.

இன்னொரு பக்கம் தைவான். 2007-ல ஓட ஆரம்பிச்சதும் மேற்குக் கரையோர விமானங்கள் காத்து வாங்குச்சு. தைபே – காவ்சியுங் விமானம் 2012-ல நின்னே போச்சு. 300-ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் இந்த ரயிலை அடிச்சுக்க ஆள் இல்லைங்கறதுக்கு அது சாட்சி. ஆனா நடத்தின கம்பெனி கடன்ல முங்கி, 2015-ல அரசாங்கம் தலையிட்டுக் காப்பாத்த வேண்டியதாச்சு. இன்னொண்ணு, நேர்ப் பாதை வேணும்னு தாய்னான் ஸ்டேஷனை நகரத்துக்கு வெளிய கொண்டு வெச்சாங்க. அங்க இருந்து நகரத்துக்கு இணைப்பு ரயில் வந்தது 2011-ல. நாலு வருஷம் அந்த ஊர்க்காரங்களும் எங்க அப்பா கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்க.

நம்ம நாட்டுல மும்பை – அகமதாபாத், 508 கிலோமீட்டர். 2017-ல அடிக்கல் நாட்டும்போது போட்ட மதிப்பு 1,08,000 கோடி. கிலோமீட்டருக்கு 213 கோடி. சென்னை – நெல்லைக்கு அதே விலை போட்டுப் பாத்தேன், 1,38,000 கோடி சொச்சம். பழைய மதிப்பு, அதுவும் நம்ம நிலத்துக்குப் பொருந்துமான்னு தெரியாத குத்துமதிப்பு. இருந்தாலும் ஒரு அளவு கிடைக்குதுல்ல?

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

2023 டிசம்பர் 17. ஞாயித்துக்கிழமை. வந்தே பாரத் வந்து மூணு மாசம் கூட ஆகல. ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை. அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுடுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில ஜல்லியே இல்ல, வெள்ளம் அரிச்சுட்டுப் போயிடுச்சு. கிட்டத்தட்ட 800 பேர். பக்கத்து ஊர்க்காரங்க சோறு ஆக்கிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் மணியாச்சி கொண்டு போய் வேற ரயில்ல ஏத்தி விட்டாங்க.

எங்க ஊர்ப் பாலத்துல ஒரு பகுதியை ஆறு கொண்டு போயிடுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. நான் சென்னையில உக்காந்து போனை அமுக்கிட்டே இருந்தேன். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, அப்பாவும் அம்மாவும் மொட்டை மாடியில இருந்திருக்காங்க. அது எனக்கு நாலாம் நாள்தான் தெரியும். மதுரை வரைக்கும் ரயில்ல சுளுவா வந்துட்டேன். கோவில்பட்டி வரைக்கும் பஸ். அதுக்கப்புறம் டிராக்டர், லாரி, கடைசியா நடை. முதல் 500 கிலோமீட்டர் ஒரு ராத்திரி. கடைசி நூத்துச் சொச்சத்துக்கு ஒண்ணரை நாள். என்னைப் பாத்ததும் அப்பா கேட்டது, "சாப்டியாலே?"

அதனால புல்லட் ரயில் வேண்டாம்னு சொல்றேனா? இல்லவே இல்ல. கூட்டம் நெரியுற, தூரம் தோதா இருக்குற ரெண்டு பெரிய நகரங்களுக்கு நடுவுல அது அருமையான சங்கதி. ஒரு லட்சம் கோடியைத் தாண்டுற கணக்குப் போடும்போது, வேகத்தை எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்குறோம்னுதான் கேக்குறேன். ஸ்டேஷன்ல இருந்து ஸ்டேஷனுக்கா, வாசல்ல இருந்து வாசலுக்கா? நம்ம பொழப்புல தெரியுமே, சர்வர் எவ்வளவு வேகமா இருந்தாலும் மெதுவான துண்டு எதுவோ அதுதான் மொத்த வேகம். எங்களுக்கு அந்தத் துண்டு நெல்லைக்கும் ஏரலுக்கும் நடுவுல இருக்கு. குரும்பூர்ல நிக்கிற வண்டியும், அதுக்கு நேரம் பாத்து வர்ற ஒரு டவுன் பஸ்ஸும், அடுத்த வெள்ளத்துக்குத் தாங்குற பாலமும் இருந்தா, எங்க அப்பாவுக்கு அதுதான் புல்லட் ரயில். மேல சொன்ன கணக்குல ஒரு சின்னத் துளியில அதெல்லாம் முடிஞ்சிடும்.

போன மாசம் ஊர்ல இருந்து கிளம்பும்போது அப்பா குரும்பூர் வரைக்கும் பைக்ல கொண்டு விட்டாரு. பாலத்து மேல வரும்போது வேகத்தைக் குறைச்சு ஆத்தை ஒரு பார்வை பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

உங்க ஊருக்குக் கடைசித் துண்டு எது? எவ்வளவு நேரம்? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.