லென்ஸ் அடாப்டர்

லென்ஸ் அடாப்டர் என்பது ஒரு காமிராவுக்கென்று செய்யப்பட்ட லென்ஸை வேறொரு காமிராவில் பொருத்துவதற்காக இரண்டுக்கும் நடுவே மாட்டப்படும் உலோக வளையம். லென்ஸ் அமரும் முகப்பான மவுண்டுக்கும் பிலிம் அல்லது சென்ஸார் இருக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட தூரம் காமிராவுக்குக் காமிரா வேறுபடுவதால், அந்தத் தூரத்தைச் சரிக்கட்டி, லென்ஸை அதன் சொந்த ஸ்தானத்தில் நிறுத்துவதே வளையத்தின் பிரதான காரியம். உள்ளே கண்ணாடி இல்லாத வளையம், தன் வாய் குறுகலாக இல்லாத வரையில், ஒளியைக் குறைப்பதுமில்லை, கூட்டுவதுமில்லை. வளையம் போட்டால் வெளிச்சம் குறையும் என்று பலர் நம்புவதற்குக் காரணம், பூச்சி, பூ முதலியவற்றை நெருங்கிப் படமெடுப்போர் பயன்படுத்தும் நீட்டிப்பு வளையமாக இருக்கலாம்; அது லென்ஸைத் தன் இடத்திலிருந்து முன்னே தள்ளுவதால் பிம்பம் பெரிதாகி ஒளி மங்குகிறது. அடாப்டரின் செய்கை அதற்கு நேர்மாறானது.

இதன் சரித்திரத்தை ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரிலிருந்து தொடங்குவது பொருந்தும். அங்கே லைட்ஸ் கம்பெனியார், முதலில் காமிராவுக்கு ஒன்றாகத் தனித்தனியே இழைத்துப் பொருத்திய திருகு லென்ஸ்களை, 1931-இல் 28.8 மி.மீ. தூரம் என்ற பொது அளவுக்குக் கொண்டுவந்தனர். 1954-இல் லைக்கா எம்3 காமிராவுக்கு அவர்கள் வைத்த அளவு 27.8 மி.மீ. சரியாக ஒரு மி.மீ. குறைத்தது, பழைய லென்ஸ்களை மெல்லிய வளையம் ஒன்றின் துணையால் புதிய காமிராவில் ஏற்றுவதற்காகவே. பழைய வாடிக்கைக்காரரை மதித்த இத்தகைய முன்யோசனை இத்தொழிலில் அபூர்வம்.

கண்ணாடி மடங்கியெழ இடம் வேண்டிய ரிப்ளெக்ஸ் காமிராக்களில் தூரம் நீண்டது. 1959-இன் நிக்கான் எப் 46.5 மி.மீ. கொண்டது. வளையத்தால் தூரத்தைக் கூட்ட முடியுமே தவிரக் குறைக்க முடியாது. ஆகையால் 1987-இல் கானன் கம்பெனி 42 மி.மீ. அளவுள்ள எப்டி மவுண்டைக் கைவிட்டு 44 மி.மீ. அளவுள்ள ஈஎப் மவுண்டுக்கு மாறியபோது, பழைய லென்ஸ்கள் ஒரே நாளில் அநாதைகளாயின. அவற்றுள் சிலவற்றுக்காகக் கம்பெனியே செய்தளித்த அடாப்டரில் லென்ஸ் கண்ணாடிகள் இருந்தன. அவை பிம்பத்தை 1.26 மடங்கு பெருக்கியதால், அதே ஒளி அதிகப் பரப்பில் பரவி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) நஷ்டமாயிற்று.

2008-இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் ரிப்ளெக்ஸ் கண்ணாடியை நீக்கி 19.25 மி.மீ. அளவில் மைக்ரோ போர் தேர்ட்ஸ் முறையை வெளியிட்டன. 2010-இல் ஸோனியின் ஈ மவுண்ட் 18 மி.மீ. அளவில் வந்தது. இனி எந்தப் பழைய லென்ஸையும் ஏற்றலாம் என்று உற்சாகம் எழுந்தது. ஆனால் சங்கடம் வளையத்தில் அல்ல, வளையத்துக்குப் பின்னால் காத்திருந்தது. பிலிம் சாய்ந்து வரும் கிரணத்தையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சென்ஸாரோ, நுண்ணிய லென்ஸ்களையும் அவற்றின் முன்னே ஒரு கண்ணாடித் தகட்டையும் உடையது. லுட்விக் பெர்டலே வகுத்த பயோகான் போன்ற அகலக்கோண லென்ஸ்களின் பின்பகுதி பிலிமை ஒட்டி நிற்பதால், படத்தின் மூலைகளுக்குக் கிரணங்கள் மிகச் சாய்ந்தே செல்லும். விளைவாக மூலைகள் இருண்டு, ஊதா சாயலேறி, தகட்டின் கனத்தால் கூர்மையும் கெடும். 2006-இல் வந்த லைக்கா எம்8, ஓரத்து நுண்லென்ஸ்களை மையத்தை நோக்கி நகர்த்தியும், தகட்டை அரை மி.மீ. அளவுக்கு மெலிதாக்கியும் இதைச் சமாளித்தது. ஆனால் மெலிந்த தகட்டின் வழியே அகச்சிவப்புக் கிரணம் புகுந்து கறுப்புத் துணிகளை ஊதாவாக்கியதால், கம்பெனி தனி வடிகட்டிகளை இலவசமாக வழங்க நேர்ந்தது. 2015-இல் ஸோனி ஏ7ஆர் II, மின்கம்பிப் பின்னலை ஒளியுணரும் படலத்தின் பின்னே வைத்து இருட்டையும் நிறக்கேட்டையும் குறைத்தது. தகட்டால் வரும் மங்கல் அப்படியே நின்றது.

உள்ளே கண்ணாடிகளைக் கொண்டு ஒளியைக் கூட்டும் அடாப்டரும் உண்டு. மெட்டாபோன்ஸ், கால்டுவெல் போட்டோகிராபிக் கம்பெனியோடு சேர்ந்து 2013 ஜனவரியில் அறிவித்த ஸ்பீட் பூஸ்டர், பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கிப் பரப்பைப் பாதியாக்குகிறது, எனவே எப்/1.4 லென்ஸ் எப்/1.0 போல நடந்துகொள்கிறது. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பது போன்றதே இது. லென்ஸ் திரட்டியதற்கு மேல் ஒரு கிரணமும் புதிதாக உண்டாவதில்லை. சிறிய சென்ஸாரைச் சுற்றி வீணே விழுந்த ஒளி உள்ளே இழுக்கப்படுகிறது. வானியல் ஆராய்ச்சியாளர் தூரதரிசனிகளில் நெடுங்காலமாகக் கையாண்ட உபாயம் இது.

மலிவான வளையங்களில் மற்றொரு தோஷம் காணப்படும். படச்சட்டத்துக்கு வெளியே விழும் ஒளி பளபளப்பான உட்சுவரில் பிரதிபலித்துச் சென்ஸாரை அடைந்து, கருமையை வெளிற வைக்கும். வெறும் கறுப்புப் பூச்சைவிட, உட்சுவரில் வெட்டிய வரிகளும் ஒட்டிய வெல்வெட்டும் இதற்கு நல்ல பரிகாரங்கள்.

2018-இல் கானன், 44 மி.மீ. ஈஎப் லென்ஸ்களை 20 மி.மீ. ஆர்எப் மவுண்டில் ஏற்ற அறிவித்த அடாப்டர்களில் ஒன்றில், இடையே எஞ்சும் 24 மி.மீ. வெற்றிடத்தில் வடிகட்டி செருகும் அறை அமைந்தது. அதில் ஒளி குறைக்கும் வடிகட்டியைச் செருகி, முன்கண்ணாடி புடைத்திருப்பதால் வடிகட்டி மாட்ட வழியற்ற அகலக்கோண லென்ஸ்களிலும் வேண்டிய அளவுக்கு வெளிச்சத்தைத் தணிக்கலாம்.