பல்லணு அயனிச் சேர்மங்களின் வாய்பாடு: மலாக்கா தோட்டப்புறத்தில்

பல அணுக்கள் பிணைந்து ஒரே அயனியாக மின்சுமை தாங்கி நிற்பது பல்லணு அயனி. அம்மோனியம், சல்பேட், பாஸ்பேட் எல்லாம் இந்த வகை. வாய்பாட்டில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் ஈடாக வேண்டும். ஒரே தொகுதி இரண்டு மூன்று முறை தேவைப்பட்டால் அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, எண்ணை வெளியே கீழ்ப்புறம் எழுதுவார்கள்.

தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வகுத்தவர் சுவீடனின் பெர்சீலியஸ் (1813-14). எண்ணை அவர் மேலே எழுதினார்; அதைக் கீழே இறக்கியவர் ஜெர்மனியின் லீபிக் (1834). தமிழில் வேதியியல் நூல் வர அதிக காலம் ஆகவில்லை: யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிரீன் முயற்சியில் 'கெமிஸ்தம்' 1875-இல் அச்சேறியது.

மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் இந்தச் சேர்மங்கள் உரமாகவும் களைக்கொல்லியாகவும் பயன்பட்டன. தோட்ட முதலாளி டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், 1898-இல் புக்கிட் அசஹானிலும் ரப்பர் நட்டார். பின்னர் தமிழ்நாட்டிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணி வழியாக வந்தவர்கள் மாநிலத்தின் பல தோட்டங்களில் பால் வெட்டினார்கள், உரம் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களில் பெயர்பெற்ற உரம் அம்மோனியம் சல்பேட். அம்மோனியத்துக்கு நேர்மின்சுமை 1, சல்பேட்டுக்கு எதிர்மின்சுமை 2; ஆகவே இரண்டு அம்மோனியத்துக்கு ஒரு சல்பேட், அடைப்புக்குறி அம்மோனியத்துக்கு. எடையில் சுமார் 21 விழுக்காடு நைட்ரஜன்.

கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட் உரம்தான் சுவையான எடுத்துக்காட்டு. பாடநூல் எளிமைக்காக அதைக் கால்சியம் பாஸ்பேட் என்று சொல்லிவிடும்: 3 கால்சியத்தின் நேர்மின்சுமை 6, 2 பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை 6. பாறையில் பெரும்பாலும் இருப்பதோ அப்படைட் என்னும் கனிமம். அதன் புளோரைடு வகையில் 5 கால்சியத்தின் 10-ஐ 3 பாஸ்பேட்டின் 9-உம் ஒரு புளோரைடின் 1-உம் சேர்ந்தே ஈடுகட்டுகின்றன. விதி அதேதான், பங்காளிகள்தாம் கூடுதல்.

தோட்டக் களையான லாலான் புல்லை அழிக்கத் தெளித்த சோடியம் ஆர்சனைட்டுக்கு அடைப்புக்குறியே வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று. வாய்பாடு எளிது, பொருளோ கொடிய நஞ்சு. 1960-களில் அதன் இடத்தைப் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பிடித்தது. அதுவும் நஞ்சுதான்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. வாய்பாடு எழுதும் பாடம் இடைநிலைப்பள்ளியின் படிவம் நான்கில் வருகிறது, அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. தாத்தா சுமந்த உரமூட்டையின் கணக்கைப் பேரப்பிள்ளை தமிழில் படிக்கப் பள்ளியில் இடமில்லை.